டிக்கெட் வாங்காத நாற்பது ரூபா எங்கே போகிறது?

கொட்டகலையில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்தார். அவருடைய வீட்டுக்காரர் தோட்டத்தில் வேலை செய்கிறார். நாளுக்கு ஒரு சுவீப் டிக்கெட், அதாவது லொத்தர் டிக்கெட், வாங்குவார். சம்பளம் போட்ட வாரத்தில் மூன்றும் வாங்குவார். "நிறுத்துங்கள் என்று சொன்னேன். நிறுத்திவிட்டு அந்த நாற்பது ரூபாவை என்ன செய்யச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது, சேர்" என்றார்.

எனக்கும் ஒரு நிமிடம் வாய் அடைத்தது. லொத்தர் கூடாது என்று புத்தி சொல்பவர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் பேச்சை முடித்துக்கொள்கிறோம். டிக்கெட் வாங்காத நாற்பது ரூபா தானாக நடந்து போய் உண்டியலில் விழுவதில்லை. அது பிளேன்டீயாகும், வெற்றிலையாகும், பிள்ளைக்கு ஒரு மிட்டாயாகும். ஆகவே வாங்கலாமா வேண்டாமா என்பது பாதிக் கேள்வி. வாங்காவிட்டால் அந்தக் காசுக்கு வேறு வீடு இருக்கிறதா என்பது மற்றப் பாதி.

நம் பக்கத்தில் அப்படி நாலு வீடுகள் இருக்கின்றன: சுவீப், சீட்டு, தபால் கந்தோர்ச் சேமிப்புப் புத்தகம், ஏற்கெனவே உள்ள கடன். நாலையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து நிறுப்பது?

முதலில் தொகையை முழுதாகப் பார்க்க வேண்டும். 20 ரூபாவாக இருந்த டிக்கெட் 2023இல் 40 ரூபாவானது. நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 14,600 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு வந்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா; அந்தக் கூலியில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ பதினொரு நாள். மழையிலும் அட்டைக்கடியிலும் பதினொரு நாள் கொழுந்து எடுத்தது டிக்கெட்டுக்குப் போகிறது. கூலி கூடினால் நாட்கள் குறையும். டிக்கெட் விலையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த 14,600 ரூபாவைப் பற்றி நான் கேட்கும் கேள்விகள் நான்கு. வருட முடிவில் எவ்வளவு திரும்பி வரும்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவில் நுவரெலியாவுக்கு வேன் பிடிக்க வேண்டி வந்தால் அது கைக்கு எட்டுமா? யாரை நம்பி அதைக் கொடுக்கிறோம்? வெளியே தெரியாத செலவு என்ன?

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன் கேட்கக் கூடாத கேள்வி அது: மனதுக்கு என்ன கிடைக்கிறது? ஆனால் டிக்கெட் விற்பது அந்த ஒன்றினால்தான் என்பதால் அதை விட்டுவிட முடியாது.

## சுவீப்

இலங்கையில் அரச லொத்தர்களை நடத்துவது இரண்டு சபைகள். தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. அபிவிருத்தி லொத்தர் சபை 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. பஸ் நிலையத்தில் மகாஜன சம்பத, கோவிசெத, லக்ன வாசனா என்று பல பெயர்களில் தொங்கும் டிக்கெட்டுகள் இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள்தாம்.

மகாஜன சம்பத போன்ற ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் வரிசையாகப் பொருந்த வேண்டும். ஆறு இலக்கங்களில் பத்து இலட்சம் சேர்க்கைகள் உண்டு. 26 எழுத்துகளும் ஆட்டத்தில் இருந்தால் மொத்தம் 2 கோடியே 60 இலட்சம். உங்கள் டிக்கெட் அதில் ஒன்று.

இந்த எண்ணைச் சொன்னால் யாருக்கும் எதுவும் தோன்றுவதில்லை. வேறு விதமாகச் சொல்கிறேன். நாளுக்கு ஒரு டிக்கெட் என்று வாங்கினால் சராசரியாக 71,000 வருடங்களுக்கு ஒரு முறை பெரிய பரிசு விழும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டது 1867இல். இந்த மலையில் தேயிலைக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை.

இன்னொரு விதமாக: ஒருவர் முப்பது வருடம், ஒரு நாள் தவறாமல், ஒரு டிக்கெட் வாங்குகிறார். அப்படி வாங்கும் ஏறத்தாழ 2,400 பேரை தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் நிறுத்தினால் அதில் ஒருவருக்குப் பெரிய பரிசு விழுந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். மற்றவர்கள் ஒவ்வொருவரும் இன்றைய விலையில் 438,000 ரூபா கொடுத்திருப்பார்கள். வாய்ப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. யாரோ ஒருவருக்கு விழத்தான் செய்யும், அதுவும் உண்மையாகவே விழும். அந்த ஒருவருடைய படம்தான் டிக்கெட் கடையில் ஒட்டியிருக்கும். மீதிப் பேரின் படத்தை ஒட்டச் சுவர் போதாது.

பரிசு விழாமல் தொகை ஏறிக்கொண்டே போகும் காலத்தில் "இப்போது வாங்கினால் லாபம்" என்று ஒரு பேச்சு கிளம்பும். அது முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த உயரத்தில் அது உண்மையாகும் என்று பாருங்கள். 2 கோடியே 60 இலட்சம் டிக்கெட்டுகளின் விலை 104 கோடி ரூபா. 5 இலட்சத்துக்கு மேற்பட்ட லொத்தர்ப் பரிசில் 14 சதவீதம் வரியாகக் கழியும் என்பதையும் சேர்த்தால், பெரிய பரிசு மட்டும் 121 கோடியைத் தாண்ட வேண்டும். சிறு பரிசுகளைக் கணக்கில் எடுத்தால் எல்லை கீழே வரும். அது பாதியாகவே இறங்கட்டும், அப்போதும் அறுபது கோடி. அதற்குக் கீழே ஏறும் தொகை எல்லாம் நம் ஆசையைத்தான் ஏற்றுகிறது.

மறைந்த செலவுக்கு வருகிறேன். இங்கே அது பெரிய பரிசில் இல்லை, நாற்பது ரூபாப் பரிசில் இருக்கிறது. கடைசி இலக்கம் ஒன்று பொருந்துவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. டிக்கெட் காசு திரும்பி வந்தது என்று சந்தோஷப்பட்டு அதைச் சட்டைப்பையில் போடுபவரை நான் பார்த்ததில்லை. "காசு வேண்டாம், இன்னொரு டிக்கெட் கொடுங்கள்" என்றுதான் கேட்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான். கிடைத்த சிறு பரிசுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு மாரி பிஸ்கட் பெட்டி நிறையப் பழைய டிக்கெட்டுகளை. நாங்கள் அவற்றை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினோம்.

அப்பாவிடம் ஒரு கொப்பியும் இருந்தது. விழுந்த எழுத்துகளைத் தேதி போட்டு எழுதி வைப்பார். நேற்று வந்த எழுத்து இன்று வராது, பத்து நாள் வராத எழுத்து நாளை கட்டாயம் வரும் என்பது அவருடைய சாஸ்திரம். உருளும் பந்துக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. இதை அவரிடம் சொல்லும் வயது எனக்கு வந்தபோது சொல்ல மனம் வரவில்லை. பேரேடு எழுதும் கணக்கப்பிள்ளையைப் போலக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவர் எழுதுவது பார்க்க நன்றாக இருக்கும்.

அதுதான் ஐந்தாவது கேள்விக்குப் பதில். காலையில் டிக்கெட் வாங்கியவருக்கு இரவு முடிவு வரும்வரை ஒரு வீடு கட்டக் கிடைக்கிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரே காம்பராவில் ஏழு பேரோடு படுக்கும் ஒருவர், மனதுக்குள் தனிக் குசினியும் கக்கூசும் வைத்த வீட்டைக் கட்டிக்கொண்டு மலையேறுவதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் அந்தக் கனவுக்கு வாரம் ஒரு டிக்கெட் போதும். ஏழு டிக்கெட் வாங்கினால் வீடு ஏழு மடங்கு பெரிதாவதில்லை.

இரண்டு சிறு விஷயங்கள். லொத்தர்ப் பணம் பொதுக் காரியத்துக்குப் போகிறதே என்பவர்களுக்கு: போகிறது. ஜனாதிபதி நிதியத்துக்கும், 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் நிதியத்துக்கும் லொத்தர் வருமானம் சேர்கிறது. நம் மலையகப் பிள்ளைகளும் மகாபொல வாங்கித்தான் பல்கலைக்கழகம் முடிக்கிறார்கள். அது நல்ல காரியம்தான், ஆனால் அதற்கு நாட்கூலிக்காரர் தினமும் வரி கட்ட வேண்டியதில்லை. பார்வையற்ற விற்பனையாளருக்கு உதவியாக வாங்குகிறேன் என்பவர்களுக்கு: உங்கள் நாற்பதில் அவர் கைக்குப் போவது தரகு மட்டும். உதவ நினைத்தால் நேராகக் கொடுங்கள்.

வாங்காத லொத்தரில் பரிசு விழுந்திருக்கிறது, செலவுக்குப் பணம் அனுப்புங்கள் என்று தொலைபேசிக்கு வரும் செய்தி இந்த ஒப்பீட்டிலேயே சேராது. அது திருட்டு.

## சீட்டு

பன்னிரண்டு பேர், மாதம் 1,200 ரூபா. மாதா மாதம் 14,400 ரூபா ஒருவருக்குப் போகும். நாளுக்கு ஒரு டிக்கெட் வாங்கும் அதே பணம்தான். ஆனால் வருடத்தில் ஒரு முறை கட்டாயம் உங்களுக்கு விழும். என் மனைவி இதை "எல்லோருக்கும் விழும் சுவீப்" என்பாள். அதைவிட நல்ல விளக்கம் எனக்கும் தெரியவில்லை.

குலுக்கல் சீட்டில் முதலில் எடுப்பவர் வட்டியில்லாக் கடன் வாங்கியவர் ஆகிறார். கடைசியில் எடுப்பவர் வட்டியில்லாமல் சேமித்தவர் ஆகிறார். கழிவுச் சீட்டில் அவசரக்காரர் தள்ளுபடி கொடுத்து முன்னால் எடுப்பார், பொறுத்திருப்பவருக்கு அந்தக் கழிவில் பங்கு கிடைக்கும். பாடசாலை தொடங்கும் மாதத்தில் எடுத்தால் சப்பாத்து, கொப்பி எல்லாம் கடன் இல்லாமல் முடியும். தீபாவளிக்கு எடுத்தால் முற்பணத்துக்குக் கங்காணியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இதன் பலவீனம் முழுக்க மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. சீட்டுக்கென்று 1935ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் லயத்துச் சீட்டு நடப்பது சட்டத்தில் அல்ல, முகத்தில். முதல் சீட்டை எடுத்தவர் நாலாவது மாதம் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் ஒரு முறை அது நடந்தது. பணம் போனதைவிட, கோயில் திருவிழாவில் அந்தக் குடும்பத்தோடு முகம் பார்த்துப் பேச முடியாமல் போனதுதான் அதிக நாள் வலித்தது. இந்தச் செலவு எந்தக் கொப்பியிலும் ஏறாது.

சீட்டுச் சேரும் முன் நான் பார்ப்பது இவ்வளவுதான்: பிடிப்பவர் இந்த ஊரில் வேர் உள்ளவரா, மற்றவர்கள் ஒவ்வொருவரையும் எனக்கு நேரில் தெரியுமா, வருடத்துக்குள் முடிகிறதா. "நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்தால் உங்களுக்கு இவ்வளவு" என்று ஆள் பிடிக்கச் சொன்னால் அது சீட்டே அல்ல. பிரமிட் திட்டம், வங்கிச் சட்டப்படி குற்றம்.

## தபால் கந்தோர்ச் சேமிப்புப் புத்தகம்

தேசிய சேமிப்பு வங்கியின் கணக்கைத் தபால் கந்தோரிலும் வைத்திருக்கலாம். வைப்புக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. நம்பிக்கை என்ற கேள்வியில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

வருடத்துக்கு 14,600 ரூபா, வட்டி 6 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், பத்து வருடத்தில் ஏறத்தாழ 192,000 ரூபா. பெரிய தொகையில்லை, ஆனால் மகள் கல்வியியற் கல்லூரிக்குப் போகும் வருடத்தில் அது கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சேமிப்பைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடும் குறை ஒன்றும் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தது. அந்த வருடம் புத்தகத்தில் இருந்த காசு ஒரு ரூபாகூடக் குறையவில்லை, ஆனால் அது வாங்கும் அரிசியும் மாவும் குறைந்துபோயின. "அன்றைக்கே தோடு வாங்கி வைத்திருக்கலாம்" என்று புலம்பாத வீடு இல்லை. அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. பத்து வருடத்துக்குத் தொடாத காசு என்றால் ஒரு பகுதியைத் தங்கமாக மாற்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு செலவு பஸ். டவுனுக்கு இறங்கி ஏறுவதற்குள் அரைப்பேர், அதாவது அரை நாட்கூலி, போய்விட்டால் மேலே சொன்ன 1,350 ரூபாக் கூலியில் 675 ரூபா நட்டத்தில் 1,200 ரூபாவைப் போட்டதாக ஆகும். ஆகவே மாதம் ஒரு முறை, சாமான் வாங்கப் போகும் நாளிலேயே போட்டுவிட வேண்டும். அதுவரை காசு வீட்டில் இருக்கும். வீட்டில் இருக்கும் காசு கரையும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா தினமும் நாற்பது ரூபாவை மூடி ஈயத்தால் ஒட்டிய பால்மா டின்னில் போடுகிறார். ஈயத்தைப் பிரிப்பது பெரிய வேலை என்பதால் யாரும் கை வைப்பதில்லை.

## ஏற்கெனவே உள்ள கடன்

இதை யாரும் ஒரு தெரிவாக நினைப்பதே இல்லை. நான்கிலும் கணக்கு மிகத் தெளிவாக இருப்பது இங்கேதான்.

நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்கு 10,000 ரூபா வாங்கிய ஒருவர், மாதா மாதம் 1,000 ரூபா வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார். முதல் அப்படியே நிற்கிறது. அவர் டிக்கெட் காசு 1,200 ரூபாவையும் சேர்த்து 2,200 கட்டினால் ஏழாவது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். எட்டாவது மாதத்திலிருந்து அந்த 2,200 ரூபாவும் அவருடையது. வருடத்துக்கு 120 சதவீத வட்டியை நிறுத்துவது, 120 சதவீத வட்டி சம்பாதிப்பதற்குச் சமம். அப்படித் தரும் வங்கி நம் நாட்டில் இல்லை.

கடையில் கடனுக்குச் சாமான் எடுக்கும் கடைப்பற்றும் இப்படித்தான். பற்றுக் கொப்பி வைத்திருப்பவர் விலை கேட்க மாட்டார், கேட்கவும் முடியாது. கொப்பியை முடித்தவர்தான் பக்கத்துக் கடையில் பருப்பு என்ன விலை என்று கேட்டுப் பார்ப்பார்.

குறை ஒன்று உண்டு: கட்டிய காசு அவசரத்துக்குத் திரும்பி வராது. ஆகவே ஒரு ஐயாயிரத்தைத் தனியே வைத்துவிட்டுக் கடனைத் தாக்குவது நல்லது.

## நாலையும் பக்கத்தில் வைத்தால்

| | சுவீப் | சீட்டு | தபால் கந்தோர் | கடன் அடைத்தல் |
|---|---|---|---|---|
| வருடம் 14,600 போட்டால் | பெரும்பாலோருக்குச் சிறு பரிசு மட்டும் | ஏறத்தாழ அதே தொகை, மொத்தமாக | அதே தொகையும் வட்டியும் | நின்றுபோகும் வட்டி முழுதும் மிச்சம் |
| அவசரத்துக்கு | இல்லை | முறை வந்தால் உண்டு | உண்டு, தபால் கந்தோர் திறந்திருந்தால் | இல்லை |
| நம்ப வேண்டியது | அதிர்ஷ்டத்தை | பதினொரு பேரை | அரசாங்கத்தை | உங்கள் கையை |
| மறைந்த செலவு | திரும்பிய காசும் டிக்கெட்டாவது | ஒருவர் ஓடினால் உறவும் போவது | விலைவாசி, பஸ், அரைப்பேர் | கையில் காசில்லாத சில மாதங்கள் |
| மனதுக்கு | ஒரு நாள் கனவு | எதிர்பார்ப்பும் ஊர்ப் பேச்சும் | ஒன்றுமில்லை என்றே சொல்லலாம் | தூக்கம் |

## யாருக்கு எது?

வட்டிக்கடனோ கடைப்பற்றோ இருப்பவருக்கு டிக்கெட் வேண்டாம் என்று ஒளிவில்லாமல் சொல்கிறேன். அவர் ஏற்கெனவே ஒரு லொத்தரில் தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறார். கடன் இல்லை, ஆனால் கையில் காசு தங்காது என்பவருக்குச் சீட்டு பொருந்தும், ஏனென்றால் பதினொரு பேருக்கு முன்னால் கட்டாமல் இருக்க வெட்கம் விடாது. தனியே இருந்து சேர்க்கும் பழக்கம் உள்ளவருக்குத் தபால் கந்தோர்.

கடனும் இல்லை, புத்தகத்திலும் ஏதோ இருக்கிறது, வாரம் ஒரு டிக்கெட் வாங்கிக் கனவு காண ஆசை என்பவரை நான் தடுக்க மாட்டேன். வருடத்துக்கு 2,080 ரூபா. படம் பார்ப்பது போல ஒரு செலவு. கடன் வாங்கி வாங்கக் கூடாது, சிறு பரிசைத் திரும்பவும் டிக்கெட்டாக்கக் கூடாது, தோற்றதை எடுப்பதற்காக இரண்டாவது வாங்கக் கூடாது. இதற்கு மேல் சட்டம் போட நான் யார்? தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியையே தடை செய்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1967 முதல் அரசாங்கமே நடத்துகிறது. அரசாங்கங்களே ஒத்துப்போகாத விஷயம்.

பெரிய பரிசு விழுந்தால் என்ன நடக்கும் என்று அறிய ஆசைப்படுபவர்கள், மலையகத்தில் கட்டாயம் விழும் ஒரு பரிசைப் பார்த்தால் போதும்: ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமலாப நிதி. பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம். அந்தப் பணம் வந்த வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், ஆறு மாதத்தில் எதுவாக மாறியது என்று உங்கள் லயத்திலேயே கேட்டுப் பாருங்கள். எங்கள் லயத்தில் ஒருவர் முச்சக்கர வண்டி வாங்கினார், இன்றும் ஓடுகிறது. இன்னொருவருடைய பணத்துக்கு என்ன ஆனது என்று அவருக்கே தெரியாது.

கொட்டகலை அக்கா இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார்களாம். கடைப்பற்று 8,000 ரூபாவுக்கு மேல் இருக்கிறதாம். அது முடியும்வரை ஆறு நாள் காசு கடைக்காரருக்கு, சனிக்கிழமை மட்டும் ஒரு டிக்கெட் என்று பேசி முடித்திருக்கிறார்கள். "கடைக்காரருக்குக் கொடுக்கும் காசை அவர் என் கையில்தான் தருகிறார்" என்றார். சனிக்கிழமை என்ன டிக்கெட் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரருக்குச் சிங்க ராசி, அதனால் லக்ன வாசனாதான் என்று சிரித்தார்.